ஐஸ்பர்க் சொல்லத் தெரியாத கானாங்கோழி

ஒரு காட்டில் பெரிய குளம் ஒன்று இருந்தது. குளத்தின் மண்கரைக்கு வெளிப்பக்கம், கோரைப்புல்லுக்குள், செவ்வந்தி என்ற கானாங்கோழி கூடு கட்டியிருந்தாள். கூட்டில் ஐந்து முட்டைகள். இன்னும் நாலே நாளில் குஞ்சு பொரிக்க வேண்டும்.

அன்று காலை இரை தேடக் கிளம்பியவள் கரையில் ஒரு கசிவைப் பார்த்தாள். விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. ஆனால் வந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். குளத்துப் பிராணிகள் எல்லோருக்கும் இது தெரியும்.

செவ்வந்தி கரையேறி மறுபக்கம் தண்ணீரில் முங்கிப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய நண்டு வளை அரித்து அரித்துக் குகையாகிக் கிடந்தது. அவள் உடம்பு முழுதும் உள்ளே போனது!

"ஐயையோ! மத்தியானம்கூடத் தாங்காதே!" என்று அலறினாள்.

அவள் ஒருத்தியால் அடைக்கிற ஓட்டையா அது? பத்துப் பேர் சேர்ந்து களிமண்ணை அள்ளி அமுக்க வேண்டும். தலைவர் கரடியார் ஒரு வார்த்தை சொன்னால் காடே திரண்டு வரும். செவ்வந்தி சபைக்கு ஓடினாள்.

சபை நாவல் மரத்தடியில் கூடியிருந்தது. வாசல் கிளையில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. ஊரில் ஒரு டியூஷன் சென்டர் ஜன்னலோரம் மூன்று வருஷம் கூண்டில் கிடந்துவிட்டுத் திரும்பிய கிளி. வந்ததும் தனக்குத்தானே புரொபசர் என்று பட்டம் சூட்டிக்கொண்டது. அதன் இங்கிலீஷைக் கேட்டுக் கரடியார் வாயைப் பிளந்தார். அன்று முதல் காட்டில் ஒரு புதுச் சட்டம். வாரம் ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடர். அதை வாக்கியத்தில் அமைத்துச் சொன்னால்தான் சபைக்குள் வாய் திறக்கலாம். தப்பாகச் சொன்னால் வெளியே புளியமரத்தடிதான். கரடியாருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி மூச்சு வாங்க வந்து நின்றபோது முயல் வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்த அருகம்புல்லின் டிப் ஆஃப் தி ஐஸ்பர்க் மிகவும் ருசியானது!"

"எக்ஸலண்ட்!" என்றது கிளி. கரடியார் கைதட்டினார்.

"ஐயா! கரை உடையப் போகுது!" என்று செவ்வந்தி கத்தினாள்.

கிளி குறுக்கே பறந்து வந்தது. "நில்லும்மா! இந்த வாரத்துத் தொடர், டிப் ஆஃப் தி ஐஸ்பர்க். முதல்ல வாக்கியத்துல அமை!"

"வாக்கியமா? தண்ணி கலங்கி வருது! ஆளுங்களை அனுப்புங்க!"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். அர்த்தம் வேணும்னா சொல்றேன், கேட்டுக்கோ. ஐஸ்பர்க்னா கடல்ல மிதக்கிற பனிமலை. வெளியே நுனி மட்டும்தான் தெரியும். பெரிய பாகம் உள்ளே மறைஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம், தெரியாத ஆபத்து ஏராளம்னு சொல்ல இதை உபயோகிக்கணும். எங்கே, ஒரு வாக்கியம் சொல்லு!"

"அதைத்தானே நான் சொல்றேன்! வெளியே விரல் அளவு ஓட்டைதான் தெரியுது. உள்ளே என் உடம்பே நுழையுது!"

கிளி இரண்டு பக்கமும் தலையை ஆட்டியது. "இதுல ஐஸ்பர்க் வரலையே! ஃபெயில்!"

எப்படி இருக்கிறது நியாயம்! அர்த்தத்தை மனப்பாடமாக ஒப்பித்த கிளிக்கு, அதே அர்த்தம் எதிரில் வந்து கதறியபோது அடையாளம் தெரியவில்லை.

செவ்வந்தி கரடியாரைப் பார்த்தாள். "தலைவரே, உங்களுக்குமா புரியலை? என் முட்டைங்க கீழே கிடக்குதுய்யா!"

கரடியார் நெளிந்தார். கிளியைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா. படிச்சுட்டு அடுத்த வாரம் வா" என்றார்.

செவ்வந்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அடுத்த வாரம் நீங்க படிங்க, உங்க குகை தண்ணியில மிதக்கும்போது!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

புளியமரத்தடியில் பெரிய கூட்டம். காட்டுப்பன்றிகள், ஆமைகள், எருமைகள். எல்லோரும் வாக்கியத்தில் தோற்றவர்கள். பன்றிக் கூட்டத்தின் தலைவன் மூக்கன் எழுந்து வந்தான்.

"என்னக்கா, அழுதுகிட்டு வர்றே?"

"கரையில கலங்கல் தண்ணி வருது, தம்பி!"

மூக்கன் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "டேய், எல்லாரும் எந்திரிங்கடா!" என்று ஓடினான். கூட்டமே பின்னால் ஓடியது.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் விரல் ஓட்டை பானை வாய் அளவுக்கு அகன்றிருந்தது. தண்ணீர் பீறிட்டது. பன்றிகள் களிமண்ணைக் கிளறித் தள்ளின. ஆமைகள் முங்கி, உள்பக்கத்து வளையில் மண்ணை அடைத்தன. எருமைகள் மேலே ஏறி மிதித்து இறுக்கின. வெயில் உச்சிக்கு வந்தபோது கசிவு நின்றது. குளம் தப்பியது. கரைக்குக் கீழே இருந்த வளைகள், குகைகள் எல்லாம் தப்பின.

செவ்வந்தி கோரைப்புல்லுக்குள் ஓடிப் பார்த்தாள். கூடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இரண்டு முட்டைகள்தான் இருந்தன. மூன்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் அந்த இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். மூக்கன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

சேதி கேட்டுக் கரடியார் சபையோடு வந்து சேர்ந்தார். கிளியும் அவர் தோளில் உட்கார்ந்து வந்தது.

"அடடா! இவ்வளவு பெரிய ஆபத்துன்னு எனக்கு விவரமாச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் கரடியார்.

செவ்வந்தி தலை நிமிர்ந்தாள்.

"சொன்னேன். நீங்க பேசற பாஷையிலதான் சொன்னேன். உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சும் உட்கார்ந்திருந்தீங்க!"

கரடியாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கிளி விடவில்லை. "இருந்தாலும் சபை மரியாதைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தது.

"வாயை மூடு!" என்று உறுமினார் கரடியார்.

"அதட்டற குரல் உங்ககிட்ட இருந்திருக்கு, தலைவரே" என்றாள் செவ்வந்தி. "அதைக் காலையிலே காட்டியிருந்தா என் பிள்ளைங்க அஞ்சும் பிழைச்சிருக்கும்."

கரடியார் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபத்து என்று ஓடி வருபவர் எப்படிப் பேசுகிறார் என்று மார்க் போடாமல், என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்பதே அறிவுள்ளவர் செய்யும் முதல் வேலை.