மார்பைக் காட்டிப் பின்வாங்கிய படை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், குன்றவேலி என்கிற மலைநாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒரு சமயம் எல்லைப் போரில் அவன் படை தோற்றுப்போனது. மந்திரி சேந்தன் காயம்பட்டவர்களைக் கம்பில் கட்டிய தூளிகளில் ஏற்றிவிட்டு வந்து, "பிரபு, காட்டுக்குள் புகுந்து நடந்தே ஊர் போய்விடுவோம். உயிர் இருந்தால் மறுபடி சண்டை போடலாம்" என்றான்.

சேனாதிபதி மாவலியனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா எதிரிக்கு முதுகு காட்டுவதா? இப்படிச் சொன்ன நாக்கை அறுக்க வேண்டாமா?" என்று தூபம் போட்டான்.

ராஜாவுக்கு மீசை துடித்தது. "சேந்தா, முதுகு காட்டாமல் என்னை ஊர் சேர்த்துவிடு. இல்லையென்றால் உன் தலை இங்கேயே உருளும்!"

தூளிகளிலிருந்து முனகல் கேட்டது. சேந்தனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரபு. ஆனால் இவர்களில் ஒருத்தனைக்கூட எதிரிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்." படையைப் பார்த்துக் கத்தினான்: "எல்லோரும் எதிரி வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள்! அப்படியே பின்னால் நடங்கள்!"

"இதென்ன கூத்து?" என்றான் மாவலியன்.

"மார்பைக் காட்டிக்கொண்டே போகிறோம், சேனாதிபதி. நீங்கள் கேட்டது அதுதானே?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் ஆளாகப் பின்னால் அடியெடுத்து வைத்தான். படை மொத்தமும் ஈரமண்ணில் பின்னால் நடந்தே காட்டுக்குள் போனது. மாவலியன் மட்டும் வேர் தடுக்கிச் சேற்றில் மல்லாந்தான்.

மூங்கில் புதருக்குள் அவர்கள் பதுங்கியதுதான் தாமதம், எதிரிப்படை வந்துவிட்டது. அதன் தலைவன் குனிந்து தரையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"காலடியெல்லாம் காட்டைவிட்டு வெளியே போகிறதே! உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை. புதுப்படை ஒன்று புறப்பட்டு, நம் கண்ணில் படாமல் நம் பாசறைக்குப் போயிருக்கிறது. திரும்புங்கள், ஓடுங்கள்!"

எதிரிகளின் காலடிச் சத்தம் அடங்கியதும் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சேந்தா, என்ன வேண்டும், கேள்!"

"தூளி சுமக்கிறவர்களின் தோளெல்லாம் புண்ணாகிவிட்டது, பிரபு. தோள் மாற்ற ஆள் வேண்டும்."

ராஜா திரும்பினான். "மாவலியா, இந்தக் கம்பைப் பிடி."

"பிரபு, நான் சேனாதிபதி..."

"நான் ராஜா" என்று சொல்லி, வேங்கைமாறன் மறுமுனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான்.