கையகல வெள்ளை

"மூச்ச விடுங்க கேப்டன். நீங்க பரேடுல நிக்கல."

திருவரங்கன் மூச்சை விட்டார். ஈரப் பிளாஸ்டர் முதுகுக்குக் கீழே சில்லென்று பிதுங்கியது. மல்லாந்து, முழங்கால்களை மடக்கி உயர்த்திக் கிடந்தார். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது இப்படித்தான் கிடக்க வேண்டும். முதுகை அச்செடுத்து, அதே வடிவில் இருக்கை செய்வார்கள்.

"என் வீட்டுக்காரிகூட என் முதுக இவ்வளவு நேரம் பார்த்ததில்ல."

"கடல்ல போய் மோதப்போற முதுகுன்னு தெரிஞ்சா பார்த்திருப்பாங்க," என்றாள் பிலோமினா.

இருக்கை அவள் பொறுப்பு. அவர் விமானப்படையில் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இந்த அறைக்குள் அவள் சொல்வதை அவர் கேட்க வேண்டும்.

பிளாஸ்டர் இறுகியது. அவர் எழுந்ததும் அச்சின்மேல் ஒரு தாளை விரித்து மறுபடி படுக்கச் சொன்னாள். உடம்பு அழுத்தும் இடமெல்லாம் சிவக்கும் தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

தோள் சிவப்பு. இடுப்பு சிவப்பு. இடுப்புக்குச் சற்று மேலே கையகலத்துக்கு வெள்ளை; அங்கே முதுகு படியவே இல்லை.

"மறுபடியும் அதே இடம்."

அந்த இடம் அவருக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன், எரியும் போர் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே வீசப்பட்டபோது அங்கே ஓர் எலும்பு விரிசல் விட்டது. கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை. விளிம்பில் நிமிர்ந்து உட்காருவார். என்ன கம்பீரம் என்பார்கள்.

"வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு வருது," என்றாள். "இந்த வெள்ளை இருந்தா உங்களுக்குப் பதிலா வேற ஆள் போவார்."

"நானா தூக்கல மேடம். தானா எழும்புது. ஒருதடவ உடைஞ்ச எலும்பு. அதுமேல அடி படாம இருந்தா நல்லதுதானே? மத்த இடம் வாங்கிக்கட்டுமே."

அவள் மரச்சுத்தியலால் அச்சை உடைத்தாள். சில்லுகளில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கினாள். மூலையிலிருந்த மணல் தட்டில் ஒன்றை முழுக்கப் படிய வைத்து அழுத்தினாள். இன்னொன்றுக்கு அடியில் மட்டும் மணலைக் கொஞ்சம் தோண்டிவிட்டு, குழியின்மேல் வைத்தாள். சுத்தியலை அவரிடம் நீட்டினாள்.

"அடிங்க. ரெண்டுக்கும் ஒரே அடி."

முதல் சில்லு தொப்பென்று மணலுக்குள் இறங்கியது. கீறல்கூட இல்லை. இரண்டாவது, குழிக்கு நேர் மேலே இரண்டாகப் பிளந்தது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிளந்த சில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கு மேடம்."

"அதையும் வச்சுக்கிட்டே படுங்க," என்று சொல்லிவிட்டு அவள் புதுப் பிளாஸ்டர் குழைக்கத் தொடங்கினாள்.

இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி வியர்த்தது. முதுகு எழும்பப் பார்த்தது. ஒரு பெருமூச்சுவிட்டு அந்த இடத்தைக் கீழே இறக்கினார். குளிர்ந்த பிளாஸ்டர் அதைத் தொட்டது.

இறுகியபின் அவள் தாளை விரித்தாள். அவர் படுத்தெழுந்ததும் எடுத்துத் திருப்பிக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

"கல்யாணப் பட்டு மாதிரி இருக்கே!" என்று கத்தினார் திருவரங்கன்.

*

விண்வெளியிலிருந்து திரும்பிய நாளில் மூன்று பாராசூட்டுகளில் ஒன்று சரியாக விரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எரிந்த நெருப்பு அணைந்து, நீலம் தெரிந்து, கடல் வேகமாக மேலே வந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாரோ வினாடிகளை எண்ணினார்கள். அவருடைய முதுகு எழும்பப் பார்த்தது. அவர் அதைக் கீழே வைத்தார். எலும்பு, பயம், எல்லாம் இருக்கையில் படிந்தன.

கலம் கடலை அறைந்தது.

"கேப்டன்? கேப்டன், கேக்குதா? எப்படி இருக்கீங்க?"

காலணிக்குள் அவர் ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுதுய்யா!" அவர் குரல் ஒலிபெருக்கியில் வெடித்தது. "பத்து விரலும் ஆடுது!"

கட்டுப்பாட்டு அறை எழுந்து நின்று கத்தியது. பிலோமினா மட்டும் நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

மீட்புக் கப்பலில் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய விரிசலின் தழும்பு பழையபடி இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. கரைக்கு வந்ததும் அவர் பிலோமினாவைத் தேடி ஓர் அறையில் கண்டுபிடித்தார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். உடைஞ்சா அதுதான் முதல்ல உடையும்னு நினைச்சேன். எப்படித் தாங்குச்சு?"

"இந்தத் தடவ அதத் தனியா விடலையே நீங்க."

அதற்குள் கதவு திறந்து ஒரு கூட்டமே உள்ளே புகுந்தது. வெளியே பட்டாசு வெடித்தது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ கையில் கேசரித் தட்டைத் திணித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

திருவரங்கன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது கிறீச்சிடும்வரை சாய்ந்துகொண்டு கேசரியைத் தின்னத் தொடங்கினார்.