எத்தனை அம்மையார்

சீடர் வைத்திலிங்கத்துக்குக் குருவைவிடப் பத்து வயது கூடுதல். கடைமடையில் உளுந்து போடுகிறவர். குரு சண்பகவல்லி விதைத் தேர்வு கற்றுக்கொடுக்கிறவர். வயசைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயலில் வேலை ஆகுமா?

அன்றைக்குச் சீடர் வந்த கோலமே சரியில்லை.

"ஊரே போச்சும்மா. உளுந்து பூராவும் அம்மையார் கூந்தல்."

இலையும் இல்லாத, வேரும் இல்லாத மஞ்சள் கொடி அது. உளுந்தைச் சுற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சியே பிழைக்கும். முன்பு அவர் வயலை அது தின்றபோது ஒரே ஒரு செடி தப்பித்தது. அந்தச் செடியின் விதையைப் பெருக்கித்தான் ஊருக்கெல்லாம் கொடுத்தார். சில வருஷம் நன்றாகவே விளைந்தது.

"என் விதை கெட்டுப்போச்சாம்மா?"

குரு அவரை வயல் வயலாகப் போய்க் கொடி எடுத்துவரச் சொன்னார். சீடர் ஊருக்குக் கொடுத்த உளுந்தையே தொட்டிகளில் முளைக்கவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயலின் கொடியைப் படரவிட்டார்.

கொஞ்ச நாளில் ஒரு தொட்டியில் கொடி கருகியது. பக்கத்துத் தொட்டியில் செடியையே காணோம். கொடிதான் இருந்தது.

"விதை கெடலை ஐயா. கருகினது உங்க வயலை அன்னைக்குத் தின்ன பழைய ஆளு. செடியைத் தின்னது வேற தினுசு."

"பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?"

"பேரும் ஒண்ணுதான். கூந்தல், கூந்தல்னு சொல்லி ஒரே அம்மாவோட தலைமுடின்னு நினைச்சுட்டோம். அது ஆயிரம் பேரு. நம்ம உளுந்துதான் ஊர் பூரா ஒரே வயித்துப் பிள்ளை."

சீடர் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழைய உளுந்து வீட்டுக்கு ஒரு தினுசா வச்சிருந்தாங்களே, அதுல கொஞ்சம் கொண்டாங்க. எது தாங்குதுன்னு பார்ப்போம்."

"இல்லைம்மா. கலப்பு விழக்கூடாதுன்னு நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எல்லாரும் மாவாட்டிட்டாங்க."

 கலப்பு கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே குருதான்.

"வெளியூர் விதை கிடைக்காதாம்மா?"

"கேட்டுப் பார்க்கிறேன். ஆனா நம்ம மண்ணுல எத்தனை விதக் கூந்தல் கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? அதோட விதை வருஷக்கணக்கா சாகாது."

"அப்ப ஊர்ல போய் நான் என்ன சொல்ல?"

"உளுந்து போடாதீங்கன்னு சொல்லணும். நல்ல விதைன்னு சொன்ன வாயாலயே சொல்லணும். இருங்க ஐயா, நானும் வரேன்."