சுவருக்குப் பின்னால் நடந்தவன்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பது சொச்சம் வயசு. பெயர் சௌடேஸ்வரி. கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் வேலை. சீடர் இருதயராஜுக்குத்தான் தலை நரைத்திருந்தது. வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் திருடுபவர்களைப் பிடித்துக் கொடுத்த மனிதர், இங்கே வந்து மகள் வயசுப் பெண்ணிடம் மறுபடி பாடம் கேட்க நேர்ந்தது. கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

அவர்கள் காவல் காத்த விளையாட்டின் பெயர் கோட்டைச் சண்டை. போனில் ஆடுவது. எங்கெங்கோ இருக்கும் நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து இன்னொரு நாலு பேரைச் சுட வேண்டும். அதிலும் போங்கு. கள்ள மென்பொருள் ஒன்று விலைக்குக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் தெரிவான். நேரே வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? ஒழுங்காக ஆடியவர்கள் வெறுத்துப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

"குருவே, இவனுங்கள ஒழிக்க வழி கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் இருதயராஜ்.

"சொல்லுங்க சார்."

"சுவருக்குப் பின்னால ஒரு பொய் ஆளை நடக்க விடுவோம். நியாயமா ஆடுறவன் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டான். கள்ள மென்பொருள் வச்சிருக்கிறவனுக்கு மட்டும் தெரிவான். எவன் அந்த ஆளைச் சுடுறானோ அவன் திருடன். நிரந்தரத் தடை."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"எல்லா மூலையிலயும் நின்னு பாத்துட்டேன். கண்ணுக்குத் தெரியவே இல்ல."

"சரிங்க," என்றாள் சௌடேஸ்வரி.

பொறி வேலை செய்தது. கொத்துக் கொத்தாக மாட்டினார்கள். ஆபீசில் எல்லாருக்கும் பஜ்ஜி வந்தது.

பின்னாடியே புலம்பல்களும் வந்தன. தம்பி எடுத்து ஆடிவிட்டானாம். பூனை போன் மேல் நடந்துவிட்டதாம். ஒருவன் செத்துப்போன தாத்தா மேல் சத்தியம் செய்திருந்தான். இருதயராஜ் படித்துப் படித்துச் சிரித்தார்.

நடுவில் ஒரு குரல் செய்தி. தெற்கே கடலோரம், முட்டத்திலிருந்து ஜெனோவா என்ற பெண்.

"அண்ணே, நான் கள்ளக்களி களிக்கல்ல, ஏமாத்தி ஆடல்ல. எனக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாது. காதுல கேட்டுத்தான் சுடுவேன். சுவருக்க அந்தப் பக்கம் ஒருத்தன் நடந்தான், சுட்டேன். ஞாயித்துக்கிழமை எங்க டீமுக்கு பைனல் உண்டு. கள்ளின்னு சொல்லி டீம்காரங்க என்னை வெளிய ஆக்கிட்டாவ. எனக்குக் கண்ணு தெரியாதுங்கது அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல்ல. அங்க மட்டும்தான் என்னை யாரும் பாவம்னு சொல்லமாட்டாவ அண்ணே."

"பூனை போச்சு, குருடி வந்துட்டா," என்றார் இருதயராஜ். "கண்ணு தெரியாதவ குறி பாத்து சுடுறாளாம். நம்ம காதுல பூ சுத்துறா."

சௌடேஸ்வரி தன் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். விளையாட்டைத் திறந்து, அந்தச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கண்ண மூடுங்க சார்."

மூடினார். "ஒண்ணும் இல்லையே."

"இன்னும் கொஞ்சம் இருங்க."

முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் எங்கோ ஒரு காக்கை. அதற்கும் அடியில், சரளைக்கல் மேல் யாரோ நடக்கிற சத்தம். போனது, திரும்பி வந்தது. ஆளை மறைத்த இருதயராஜ் அவன் காலடிச் சத்தத்தை நிறுத்த மறந்திருந்தார்.

"மாதாவே!" என்றார்.

அப்போதே சத்தத்தை நிறுத்தினார். தடையையும் எடுத்தார். எடுத்ததோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நல்ல மனுசன், அதுதான் வினை. விளையாட்டின் முகப்பிலேயே பெரிதாக மன்னிப்பு எழுதிப் போட்டார். ஜெனோவா பார்வையில்லாதவள், காலடி கேட்டு ஆடுபவள், எங்கள் தப்பால் மாட்டிக்கொண்டாள், அவளிடம் துளியும் குற்றமில்லை, அணி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றாள் சௌடேஸ்வரி.

"நல்லதுதானே குருவே எழுதியிருக்கேன்?"



மறுநாள், பிடிபட்டவன் எல்லாம் குருடன். "எனக்கும் கண் தெரியாது சார், காலடி கேட்டுத்தான் சுட்டேன்." வரி மாறாமல் வந்து குவிந்தது. இருதயராஜ் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார். அதுவும் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே டாக்டர், ஒரே கையெழுத்து. கள்ள மென்பொருள் விற்றவனே சர்டிபிகேட்டையும் சேர்த்து விற்கிறானாம். தூ, இதுவும் ஒரு பிழைப்பு! சர்டிபிகேட் வாங்கச் சோம்பல்பட்டவர்கள் புதுப் பெயரில் நுழைந்து பழையபடி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பைனலில் ஜெனோவாவின் அணி ஜெயித்தது. அதிகம் சுட்டதும் அவள்தான். இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா குருவே!"

"பாத்தேன்," என்றாள் சௌடேஸ்வரி.

சாயங்காலம் ஜெனோவாவின் குரல் வந்தது.

"அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் எழுதிப் போட்டிய. எனக்குக் கோவம் இல்ல. ஆனா இப்பம் எல்லாருக்கும் தெரியும். எதிராளிங்க எனக்க முன்னால வந்து நிக்காவ. ஓடல்ல, ஒளியல்ல. நான் சுடட்டும்னு நிக்காவ. நின்னா எனக்குக் கேக்காதுன்னு ஒரே இடத்துல காலைத் தட்டித் தட்டிக் காட்டுகாவ. எனக்கு அது தெரியாதா அண்ணே? எங்க டீம்ல கப்பு ஜெயிச்சாச்சுன்னு சிரிக்காவ. எனக்கு அழுகதான் வருது. இதுவும் கள்ளக்களிதானே? இதைப் பிடிக்க உங்ககிட்ட எதாவது உண்டா?"

இருதயராஜ் பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். ஒருவழியாக ஒன்றை எழுதி அனுப்பியபோது அவள் கணக்கை மூடிவிட்டிருந்தாள்.

பல நாள் கழிந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வந்து சௌடேஸ்வரியின் எதிரில் உட்கார்ந்தார்.

"குருவே, அத்தனை பேருக்கு நிரந்தரத் தடை போட்டோம். அத்தனை பேரும் வேற பேர்ல உள்ளதான் ஆடிட்டிருக்கானுங்க. நிரந்தரமா ஒருத்தனாவது வெளிய போனானா?"

"ஒருத்தி போனா," என்றாள் சௌடேஸ்வரி.