எதிர்ப்பக்கம் ஓடிய கீரி

ஒரு காட்டில், பள்ளத்தின் ஓரமாக ஒரு பாறை இருந்தது. காற்றில் விழுந்த மரம் ஒன்று அந்தப் பாறைமேல் குறுக்கே கிடந்தது. பாதி மரம் கரைப்பக்கம், பாதி மரம் பள்ளத்துக்கு மேலே. பூங்காவில் சீசா பார்த்திருப்பீர்களே, அதுபோல. கரைப்பக்கத்து முனையை ஒரு தடித்த கொடி தரையோடு இழுத்துப் பிடித்திருந்ததால் மரம் ஆடாமல் கிடந்தது.

பக்கத்து வளையில் ஒரு கீரி தன் ஒரே குட்டியோடு இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படும் கீரி. ஓர் இலை விழுந்தாலும் குட்டியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்ற விலங்குகள் அதைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிட்டன.

ஒரு நாள் மழை விட்டதும், வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு போன குட்டி மரத்தின் வெளிமுனைக்கே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு முள்ளம்பன்றி கொடியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொடி எதற்காக அங்கே இருக்கிறது என்று அது யோசிக்கவில்லை. கொடி அறுந்தது. மரம் பள்ளத்தின் பக்கம் சாயத் தொடங்கியது.

கீரி அலறிக்கொண்டு ஓடி வந்தது. முள்ளம்பன்றி அவசரமாக மரத்தின் கரைப்பக்கத்தில் ஏறி, பாறையை ஒட்டியே உட்கார்ந்துகொண்டது. சாய்வது மெதுவானது. ஆனால் நிற்கவில்லை.

"பயப்படாதேம்மா. உன்னைப் போல எட்டுக் கீரியின் கனம் எனக்கு" என்றது முள்ளம்பன்றி.

கீரி குட்டியையே பார்த்தது. ஈர மரத்தில் குட்டி ஓர் அடி வெளியே வழுக்கியது. உடனே மரம் இன்னும் சாய்ந்தது. அதே குட்டிதான். அதன் கனம் கூடவில்லை. தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

"அண்ணே, பின்னால் போய் உட்காருங்கள். கடைசி முனைக்கே போய்விடுங்கள்."

முள்ளம்பன்றி சிரித்தது. "ஏம்மா, நகர்ந்து உட்கார்ந்தால் என் கனம் கூடிவிடுமா?"

வாதாட நேரமில்லை. கீரி மரத்தில் தாவி, குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது.

"அம்மா, என்னை விட்டுட்டு எங்கே போறே?" என்று குட்டி அழுதது.

"விட்டுட்டுப் போகலைடா. உன்னைப் பிடிச்சுக்கத்தான் போறேன்."

மேலே தூக்கியிருந்த கரைமுனையின் கடைசியில் போய்க் கீரி நகங்களை ஊன்றிக்கொண்டது. அந்த முனை இறங்கியது. குட்டி இருந்த முனை மேலே வந்தது. கரைமுனை தரையைத் தொட்டு நின்றதும், கீழே பார்க்காமல் வரும்படி கீரி அங்கிருந்தே சொன்னது. குட்டி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அதன் நாலு காலும் பாறையில் பதிகிற வரைக்கும் கீரி அசையவில்லை.

எட்டுக் கீரியின் கனத்தால் ஒரு குட்டியைக் காப்பாற்றியதாக முள்ளம்பன்றி காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது. கீரி மறுத்துப் பேசவில்லை. கேட்டவர்களிடம் குட்டிதான் சொன்னது: "எங்கம்மா எனக்கு முதுகைக் காட்டிட்டு ஓடினாங்க. அதனாலதான் பிழைச்சேன்."

நீதி: கனம் மட்டும் இருந்தால் போதாது, எங்கே நின்றால் தாங்கலாம் என்று தெரிந்து அங்கே போய் நிற்க வேண்டும்.