குழல் மேல் கை

"இந்த வருஷமாவது என் பக்கத்துல படுப்பியா தங்கச்சி?" என்று கேட்டான் துலுகாக்.

உவிலுக் மான்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லு அண்ணே," என்றாள்.

மூன்றாவது இலையுதிர்காலமாக இதே கேள்வி, இதே பதில்.

துந்திராவில் மரம் கிடையாது. ஆள் மறைய ஒரு புதர்கூடக் கிடையாது. கரிபூ மான்கள் ஆற்றைக் கடந்து ஏறும் கரையில் கற்களைக் குவித்து, அதன் பின்னால் குப்புறப் படுத்துத்தான் வேட்டையாட வேண்டும்.

முதலில் வரும் மானைச் சுடக் கூடாது. பெரும்பாலும் அது ஒரு கிழட்டுப் பெண்மானாக இருக்கும். வழி அதற்குத்தான் தெரியும். அது கரையேறிவிட்டால் பின்னால் வரும் ஆயிரமும் கண்ணை மூடிக்கொண்டு தொடரும். அது விழுந்தால் அத்தனையும் திரும்பிவிடும்.

பசித்தவன் விரலை யாராலும் நம்ப முடியாது. அதனால் சுடுபவன் பக்கத்தில் இன்னொருவர் படுப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையைத் துப்பாக்கிக் குழல் மேல் வைத்திருப்பார். முதல் மான் கரையேறிய பிறகு கையை எடுப்பார். கை எடுத்த பிறகுதான் சுடலாம். பக்கத்தில் படுக்க ஆள் இல்லாதவனுக்கு வேட்டையில் இடம் இல்லை.

துலுகாக்குக்கு ஆள் இல்லை. கை இருக்கும்போதே சுட்டவன் என்று அவனுக்குப் பெயர். அப்படிப்பட்டவன் பக்கத்தில் யார் படுப்பார்கள்?

அந்தக் கை உவிலுக்கின் கை. அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, மனம் குழம்பியவர்கள் எல்லாம் அவளிடம்தான் யோசனை கேட்க வந்தார்கள். பசியிலும் கையை எடுக்காதவள் அல்லவா? அவள் பதில் சொல்வது அபூர்வம். அதையே ஞானம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர்களில் அது வழக்கம்தான்.

முதல் வருடம் அவன் சொன்னான். "முதல் மான் தண்ணியில நின்னுச்சு. சுட்டேன். கூட்டம் திரும்பிடுச்சு. அந்தக் குளிர்காலத்துல பசிக்கு மூணு பேரைப் பறிகொடுத்தோம்."

மூவரில் ஒருவன் உவிலுக்கின் கணவன் என்பதை அவன் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஒண்ணு விட்டுப் போச்சு," என்றாள் அவள். "போயிட்டு வா."

அந்த வருடமும் மான்கள் வரவில்லை. மீனும் பனிக்கோழியுமாக ஊர் ஒப்பேற்றியது.

இரண்டாவது வருடம் அவன் யோசித்து வைத்துக்கொண்டு வந்தான்.

"பசின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பசி மட்டும் இல்ல தங்கச்சி. இந்த ஆத்தங்கரையில என்னை மாதிரி சுடறவன் கிடையாதுன்னு ஒரு திமிர். முதல் குண்டு என்னோடதா இருக்கணும்னு நினைச்சேன்."

இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

உவிலுக் தோலைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னும் ஒண்ணு விட்டுப் போச்சு."

அவன் எழுந்து போனான். அந்த வருடம் தூரத்து மேட்டில் ஏழெட்டு மான்கள் தெரிந்தன. ஆற்றுப் பக்கம் அவை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மூன்றாவது வருடம். வடக்கே பெரிய கூட்டம் நகர்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் வந்து சொல்லியிருந்தார்கள்.

"சொல்லு அண்ணே."

அவன் சொன்னான். தண்ணீரில் நின்ற மான், பசி, திமிர், இறந்த மூன்று பேர். இந்த முறை மூன்று பெயர்களையும் சொன்னான். அவள் கணவன் பெயரைக் கடைசியில் சொன்னான்.

"ஒண்ணு விட்டுப் போச்சு."

"தெரியும்," என்றான் துலுகாக். "அதைச் சொல்ல மாட்டேன்."

அவள் கையிலிருந்த சுரண்டுகத்தி நின்றது.

"வேட்டைக்குப் போகாமலே செத்தாலும்?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

உவிலுக் தோலை மடித்து வைத்தாள். எழுந்தாள்.

"துப்பாக்கியை எடுத்துட்டு வா," என்றாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து கரைக்கு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அவள் செய்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

பழைய கற்குவியல் அப்படியே இருந்தது. அவன் படுத்தான். அவள் பக்கத்தில் படுத்து, கையுறையைக் கழற்றி, குழல் மேல் கையை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது.

எதிர்க்கரை மேட்டில் கொம்புகள் தெரிந்தன. பிறகு மேடே நகர்வதுபோல இருந்தது.

முதலில் ஒரு பெண்மான் இறங்கியது. கரிபூவில் பெண்மானுக்கும் கொம்பு உண்டு; இதன் இடக்கொம்பு பாதியில் உடைந்திருந்தது. நடு ஆற்றில் நின்று, நீரைவிட்டுத் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தது.

இருபது துப்பாக்கிகள் மேல் இருபது கைகள் இருந்தன.

அது நீந்தி வந்தது. கரையேறியது. உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறிவிட்டு அவர்களைத் தாண்டித் தெற்கே நடந்தது. ஆறு முழுக்க மான்கள் இறங்கின.

கரை நெடுக மற்றவர்கள் கைகளை எடுத்தார்கள். முதல் வெடி கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. மான்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

உவிலுக்கின் கை குழல் மேலேயே இருந்தது.

"ஏறிடுச்சு தங்கச்சி," என்றான் அவன். "கையை எடு."

அவள் எடுக்கவில்லை. முழங்காலூன்றி எழுந்தாள். அடுத்த கற்குவியலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்," என்றாள். சத்தமாகச் சொன்னாள். "மான் தண்ணியில நிக்கும்போதே எடுத்துட்டேன். எம் புருஷன் கூடாரத்துல பசியோட கிடந்தாரு. கை இருக்கும்போதே சுட்டேன்னு இவர் சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய்."

பக்கத்தில் வெடிச்சத்தம் நின்றது.

"நீயா சொல்லிடுவியோன்னுதான் மூணு வருஷமா உன்னைச் சொல்ல வெச்சேன் அண்ணே. எனக்குத் தைரியம் வரல."

அவள் கையை எடுத்தாள். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் இரும்பில் ஒட்டிப் பிய்ந்தது.

"இப்ப சுடு."

துலுகாக்கின் விரல் விசைக்குப் போகவில்லை. அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கையைத்தான் எடுத்த தங்கச்சி, சுட்டது நான்," என்றான். "அது தண்ணியில நின்னதை நானும் பார்த்தேனே."