கடலிலிருந்து பார்த்த சுவர்

"தெக்லாவுக்குக் கடல்முனை. எனக்கு இந்த மூலையாக்கா?"

ரெஜினாள் கேட்டாள்.

எலிசம்மாள் குழைத்து வைத்திருந்த சாந்தை விரலால் நசுக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். போய்விட்டாள்.

அவ்வளவுதான் பதில்.

பவளத்துறையில் மன்னராட்சி ஒழிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மன்னர் கப்பலேறி ஓடிய அன்று ஊரே திரண்டு போய்த் துறைமுகக் கோட்டைச் சுவரைச் சந்தோஷத்தில் இடித்துத் தள்ளியது. இப்போது அவர் இரவல் கப்பல்களோடு திரும்பி வருவதாகப் பேச்சு. இடித்த கைகளே கல் சுமந்துகொண்டிருந்தன.

வேலையை நடத்தியவள் எலிசம்மாள். கொத்துவேலையில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதுதான் பெரும்பாடு. ரெஜினாள் அவளிடம் தொழில் பழக வந்து ஐந்து வருஷம்.

தெக்லா வந்து ஒரு மாதம்.

அந்த ஒரு மாதத்தில் ரெஜினாள் என்னென்னவோ பார்த்துவிட்டாள். அக்கா தெக்லாவின் தூக்குச்சட்டியில் கைவிட்டுக் கருவாட்டுத் துண்டு எடுத்துத் தின்றதைப் பார்த்தாள். தெக்லா சொன்ன ஏதோ ஒரு கதைக்கு அக்கா வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தாள். ரெஜினாளின் சட்டியை அக்கா என்றைக்காவது திறந்திருப்பாளா? அவள் வைத்த கல்லைத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

தெக்லாவின் அப்பா மன்னருக்குக் கோட்டை கட்டினவர், நாளைக்கு இவள் யாருக்குக் கதவைத் திறந்துவிடுவாளோ என்று சுண்ணாம்பு சுமக்கிற பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள்.

"உங்கப்பா மட்டும் யாருக்குக் கட்டினாராம்? அப்ப இருந்தது ஒரே மன்னர்தானே" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினாள் சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

சுவருக்குப் பின்னால் ஓலைப்பந்தலில் அவள் பிள்ளையின் தூளி தொங்கியது. பிறந்து ஆறு மாதம். கடலில் ஒரு கப்பல் பாய் தெரிந்தால் போதும், சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பாள். மற்றவர்கள் தூளிகளை ஊருக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். அவள் மட்டும் தன் சுவரின் முதுகிலேயே கட்டியிருந்தாள். தான் கட்டியதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

சுவரில் அடையாமல் இருந்த கடைசி உடைப்பை ரெஜினாளும் தெக்லாவும் இரண்டு பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் சேர வேண்டும்.

இருவர் கட்டும் சுவர் என்றால் ஓரத்தை மழுங்க முடிக்கக் கூடாது. ஒரு கல் வெளியே, ஒரு கல் உள்ளே என்று பல் விட்டு நிறுத்த வேண்டும். அடுத்தவர் கல் அந்த இடுக்கில் வந்து கடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் எது யார் கட்டியது என்று கட்டியவருக்கே தெரியாது.

ரெஜினாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் நடுவுக்கு வந்தவள் அவள். தூக்குக்குண்டு பிடித்து, உச்சியிலிருந்து அடிவரை ஒரே நேராக, வழவழவென்று ஓரத்தை முடித்தாள். இதுவரை என்னுடையது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.

மறுநாள் தெக்லா வந்து சேர்ந்தாள். தன் ஓரத்துப் பற்களைப் பார்த்தாள். எதிரே வழவழப்பைப் பார்த்தாள்.

"பல் விடலையா ரெஜினா?"

"என் வேலை முடிஞ்சுது. நீ வந்து ஒட்டிக்க."

தெக்லா குனிந்து தன் உளியை எடுத்தாள். துண்டுக்கல் செதுக்கி இடைவெளியை அடைத்தாள்.

பொழுது சாயும்போது எலிசம்மாள் வந்தாள். இரண்டு சுவரும் தொடுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். சாந்து இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ரெஜினா, வா."

தெக்லாவைக் கூப்பிடவில்லை.

ரெஜினாளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நாலடி நடந்ததும் திரும்பிப் பார்த்தாள். தெக்லா பார்க்கிறாளா? பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்லது.

இருவரும் தோணியில் ஏறினார்கள். எலிசம்மாளே துடுப்புப் போட்டாள். அலை உடைகிற இடத்தைத் தாண்டி, பெரிய கப்பல்கள் நங்கூரமிடுகிற ஆழத்துக்கு வந்ததும் நிறுத்தி, தோணியைக் கரைப் பக்கம் திருப்பினாள்.

"நீ மன்னரோட பீரங்கிக்காரி. ஒரே ஒரு குண்டுதான் மிச்சம். எங்கே அடிப்பே?"

ஐந்து வருஷத்தில் அக்கா இவ்வளவு பேசியதில்லை. இதற்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரெஜினாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

கண் முதலில் கடல்முனைக்குத்தான் போனது. தெக்லாவின் சுவரில் ஒரு பிளவு, ஒரு பிதுக்கம், ஏதாவது இருக்காதா என்று கல் கல்லாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலாக வந்தது. பார்வையை இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள்.

அங்கே இருந்தது. கத்தியால் கீறியதுபோல, உச்சியிலிருந்து தண்ணீர்வரை ஒரே கோடு.

அவளை அறியாமலே விரல் நீண்டது.

"அதோ அங்கேக்கா. அந்தக் கோட்டுல அடிச்சா ரெண்டு பக்கமும் தனித்தனியா பிளந்து..."

விரல் நீட்டியபடியே நின்றது. அதற்கு நேர் பின்னால் ஓலைப்பந்தல், பிள்ளையின் தூளி.

எலிசம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடுப்பை என்கிட்ட குடுங்கக்கா" என்றாள் ரெஜினாள். "சாந்து இறுகுறதுக்குள்ள பிரிச்சுப் பல் விடணும்."